என் பக்கத்து பிரேக்

மார்ச் 4

இன்று காலை முதல் வகுப்பிலேயே ஒருத்தர் முதல் கியரிலிருந்து நேராக நாலாவது கியருக்குத் தாவினார். வண்டி இருமியது, குலுங்கியது, படுத்துவிட்டது. "நடுவுல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே சார், அவங்களைக் கண்டுக்கவே இல்லையே" என்றேன். "ஒரு அவசரம்தான் மாஸ்டர்" என்றார். அவசரமாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அவசரப்பட்டு எவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு அவசரம் காத்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு விண்ணப்பம் தொங்குகிறது. கே.ஜி. வகுப்பு சேர்க்கை. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்திருக்கிறார்.

விதி இதுதான்: மே 31-க்குள் நாலு வயது முடிந்திருந்தால் இந்த வருடமே சேர்க்கலாம். எங்கள் மகள் கடுகுக்கு மே 27-இல் நாலு முடிகிறது. நாலே நாள் வித்தியாசம். பிரசவத்தில் நான் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. விண்ணப்பத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள். இந்த ஆண்டு. அடுத்த ஆண்டு. ஒன்றில் டிக் போட்டு ஏப்ரல் 30-க்குள் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு என்றால் வகுப்பிலேயே பொடிசு இவள்தான். அடுத்த ஆண்டு என்றால் வகுப்பிலேயே மூத்தவள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அனுப்பிடலாம்" என்றார்.

"யோசிக்கத்தான் ஏப்ரல் வரைக்கும் டயம் குடுத்திருக்காங்க."

"ஆறப் போடறே."

"ஆறினாத்தான் வாய் வெந்து போகாது."

கடுகு நாற்காலியில் ஏறி விண்ணப்பத்திலிருந்து காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 5

விண்ணப்பம் திரும்ப ஃபிரிட்ஜில். பால் எடுக்கும்போதெல்லாம் என்னை முறைக்கிறது.

மார்ச் 9

கடுகைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது "உனக்கு என்னதான் பயம்?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

வீட்டுக்குள் அவள் வாய் மூடுவதே இல்லை. அப்பா முகம் மழிக்கும்போது பக்கத்தில் நின்று, "இங்க விட்டுட்டே, அங்க நுரை இருக்கு" என்று மேற்பார்வை. காலில் இடித்த நாற்காலிக்குத் தனியாக ஒரு அர்ச்சனை. தூக்கத்திலும் யாரையோ திட்டுகிறாள். ஆனால் வாசல் படி தாண்டினால் போதும், பூட்டு. கடைக்காரர் "பாப்பா பேரென்ன?" என்று கேட்டால் என் தொடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இவருடன் லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் நண்பர் ஐந்து தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருக்குக் கடுகின் உச்சந்தலையை நன்றாகத் தெரியும், குரலை இன்னும் கேட்டதில்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் மேல்வீட்டு ஆன்ட்டியிடம் வாய் திறக்கவே ஏழு மாதம் ஆனது.

ஏ, பி, சி எல்லாம் தானாக வரும். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலை ஒரே ஒரு வாக்கியம். "மிஸ், ஒண்ணுக்கு வருது." அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இவரிடம் இதைச் சொன்னேன். "அவசரம்னு வந்தா ஊமையும் பேசுவான்" என்கிறார். இவருக்கென்ன. பத்தாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கத்தித்தான் இவரைக் கூப்பிடுகிறார்கள். கத்தாதவர்களைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 14

டாக்டரம்மா இரண்டாவது தடவையும் ஃபெயில்.

ஐம்பத்திரண்டு வயது பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லை அடைத்ததும் அவர்தான். அவர் நாற்காலியில் நான் படுத்திருந்தபோது "பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல" என்றார். இப்போது என் வண்டியில் அவர் உட்கார்ந்திருக்க, அதே வசனத்தை நான் சொல்கிறேன். இரண்டு தடவையும் கேட்டவர் நம்பவில்லை.

டெஸ்டில் நான் உட்காரும் இடத்தில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். வண்டி அதேதான். சிக்னலில் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாராம், அதுவும் இன்ஸ்பெக்டர் கத்திய பிறகு. போன தடவையும் இதே கதை. தாளில் "நேரத்தில் பிரேக் போடுவதில்லை" என்று எழுதிவிட்டார். எனக்குப் புரியவே இல்லை. என்னோடு வரும்போது கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அளந்து வைத்தது போல நிறுத்துகிறார். "அந்த ஆளுக்கு மூட் சரியில்ல போல" என்று தேற்றினேன். "இன்னும் ஒரு வாரம் ஓட்டுங்க, அப்புறம் பாப்போம்."

எங்கள் ஓனர் எனக்கு வைத்திருக்கும் பேரே "இன்னும் ஒரு வாரம்"தான். சொல்லிவிட்டுப் போகட்டும். பழுக்காததை உலுக்கி என்ன பயன்?

மார்ச் 20

அக்காவுக்கு போன் போட்டேன். அவள் தன் பையனை ஒரு வருடம் தள்ளித்தான் சேர்த்தாள். "இப்ப பாரு, கிளாஸ் லீடர். ஆளும் உயரம். எல்லாரையும் விரட்டுறான்." விரட்டுவதெல்லாம் ஒரு தகுதியா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பிறகு அவளே குரலை இறக்கினாள். "நீ பட்டது போதாதா? இன்னொண்ணை வேற முன்னாடியே தள்ளிவிடணுமா?"

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

மார்ச் 21

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று நிஜம், இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். அப்பா சேர்க்கும்போது எட்டு மாதம் கூட்டிச் சொல்லிவிட்டார். அப்போது யார் கேட்டார்கள்? சொன்னதை எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அந்தப் பொய்தான். இவர் கூட கேலி பண்ணுவார்: "எந்தப் பிறந்தநாளுக்கு கிஃப்ட் வேணும்? ஒரிஜினலுக்கா, டூப்ளிகேட்டுக்கா?" நானும் சிரிப்பேன்.

சிரிக்காத பாகம் ஒன்று இருக்கிறது. இவரிடம் சொன்னதில்லை.

சேர்த்து மூன்றாவது வாரம். இரண்டாவது பெஞ்ச், சுவர் ஓரம். எனக்கு வந்துவிட்டது. டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து கேட்க வேண்டும் என்று தெரியும், வாய் வரவில்லை. காலை இறுக்கிக்கொண்டு, அடுத்த வரி முடிந்ததும் கேட்கலாம், இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி – அவ்வளவுதான். பெஞ்சிலிருந்து சொட்டியது. பக்கத்திலிருந்தவள் எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "டீச்சர், இவ போயிட்டா!" மொத்த வகுப்பும் சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் என் ஞாபகம். மூன்றாம் வகுப்பிலிருந்து அக்காவை வரச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என் பேர் "ஒழுகல்".

முப்பது வருடம் ஆகிவிட்டது. எழுதும்போது இப்பவும் காது சுடுது. சின்ன விஷயம்தானே? சின்ன விஷயம்தான். ஆனா அந்த எட்டு மாசம் என் கையில இருந்திருந்தா நான் கேட்டிருப்பேன். அப்படித்தான் தோணுது.

ஏப்ரல் 2

பள்ளிக்கூடத்தில் பெற்றோரும் பிள்ளையும் வந்து பார்க்கும் நாள். கே.ஜி. மிஸ் இளம் பெண், மூக்குக் கண்ணாடி, விரலெல்லாம் பெயிண்ட். கடுகுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"உங்க பேரு என்ன?" – கடுகு மீன் தொட்டியைப் பார்த்தாள். நான் பேரைச் சொன்னேன்.

"என்ன கலர் பிடிக்கும்?" – மீன் தொட்டி. நான் மஞ்சள் என்றேன்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" – நான் சொன்னேன்.

இப்படியே போனது. கடைசியில் மிஸ் சிரித்துக்கொண்டே, "பாப்பாவும் பேசட்டுமே" என்றார். "அவ வெளியாளுங்ககிட்ட பேச மாட்டா" என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

வெளியே வந்ததும் கடுகு மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். தொட்டியில் ஏழு மீன், ஒன்றுக்கு வால் இல்லை, மிஸ் சாக்ஸில் ஓட்டை. எல்லாம் பார்த்திருக்கிறாள். கேட்ட இடத்தில் ஒன்று சொன்னாளா?

நான் முடிவு பண்ணிவிட்டேன்.

ஏப்ரல் 3

"ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசி முடிவு பண்ணலாம்" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 8

ஞாயிறன்று பேசவில்லை. ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் மக்கர் பண்ணி இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று வகுப்புகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் ஓய்வு. விண்ணப்பம் பையில் இருந்தது. "அடுத்த ஆண்டு" கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு சொல்லலாம் என்றிருந்தேன். களைத்து வந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

ஃபிரிட்ஜ் கதவு வெறுமையாக இருப்பதை இவர் கவனிக்கவில்லை. கடுகு கவனித்தாள். "காந்தம் இனிமே எனக்கா?"

ஏப்ரல் 11

நான் சொல்வதற்குள் பள்ளிக்கூடமே சொல்லிவிட்டது. "உங்கள் குழந்தையின் இடம் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது" என்று இவர் போனுக்கு மெசேஜ். விண்ணப்பத்தில் நம்பர் எழுதியது இவர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. திருட்டுத்தனம் பண்ணவும் ஒரு மூளை வேண்டும்.

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். போடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே நின்றார். "லிஃப்ட்ல ரெண்டு பேர் ஏறினா ஒருத்தர் பட்டன் அமுக்கினா போதும். ஆனா எந்த மாடிக்குப் போறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியணும்" என்றார்.

"நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். அதுக்காகக் கேக்காமலே இருந்துடுவியா?"

பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 12

என்னோடு நேராகப் பேச்சு இல்லை. எல்லாம் கடுகு வழியாக. "அம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளு." "அப்பாகிட்ட கண் இருக்கான்னு கேளு." கடுகுக்கு ஏகக் குஷி. இரண்டு பக்கமும் ஓடி, சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாள். "அப்பாவுக்கு ஐஸ்கிரீம் வேணுமாம்."

ஃபேன் இப்போது கடகடவென்று சத்தம் போடுகிறது.

ஏப்ரல் 15

சொல்லிவிட்டேன். இரண்டாவது பெஞ்ச், சுவர் ஓரம், "ஒழுகல்" – எல்லாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இவர் பக்கத்தில் வந்து நின்று, நான் கழுவி வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தார். "கல்யாணமாகி எட்டு வருஷம். டூப்ளிகேட் பிறந்தநாள்னு எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்ற மாதிரி இருந்தா அன்னிக்கே டீச்சர்கிட்ட சொல்லியிருப்பேனே."

இருவரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது, சோப்பு என்று சொல்லிக்கொண்டேன். "சரி. அடுத்த வருஷமே போகட்டும். உன் இஷ்டம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். ஏன் நிம்மதியாக இல்லை?

ஏப்ரல் 19

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேல்வீட்டு ஆன்ட்டிக்குக் காய்ச்சல். இவர் ஒரு கட்டடத்தில் கயிற்றில் தொங்குகிறார். வேறு வழியில்லாமல் கடுகை வண்டியின் பின்சீட்டில், டாக்டரம்மாவுக்குப் பின்னால், குழந்தை நாற்காலி கட்டி உட்கார வைத்தேன். ஓனருக்குத் தெரிந்தால் என் தலை உருளும். டாக்டரம்மா "குழந்தைதானே மாஸ்டர், இருக்கட்டும்" என்றார். கடுகு வழக்கம்போல அவரைப் பார்க்காமல் பிஸ்கெட்டைப் பார்த்தாள்.

நாலு சிக்னல். நாலிலும் வண்டி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அழகாக நின்றது. நாலாவதில் நான், "சூப்பர் டாக்டரம்மா. இப்படித்தான் நிறுத்தணும். அன்னிக்கு மட்டும் ஏன் நிறுத்தல?" என்றேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்க நிறுத்தல."

இருவரும் திரும்பினோம். கடுகு என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா கால்தான் அமுக்குச்சு. எல்லா தடவையும்."

என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தது. குனிந்து பார்த்தேன். என் கால் அதன் மேல்தான் இருந்தது, அழுத்தியபடியே.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். டாக்டரம்மா வண்டியை நகர்த்திக்கொண்டே, "மாஸ்டர், அந்தக் காலைத் தூக்கி சீட்டுல மடிச்சு வைங்க" என்றார். பல்லைப் பிடுங்கும்போது பேசும் குரல். வைத்தேன். அடுத்த சிக்னல் வந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. என் முழங்கால் தானாக எழும்பியது, இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டேன். டாக்டரம்மா கடைசி நொடியில் மிதித்தார். பாதி வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. இன்ஸ்பெக்டர் பார்த்தது இதைத்தான்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு தடவையும் ஃபெயிலானது நான் இல்ல மாஸ்டர், நீங்க." பிறகு திரும்பி, "ஆளு இத்துனூண்டு, வாய் நல்லா பேசுதே" என்றார்.

"எனக்கு இருபது பல்லு இருக்கு" என்றாள் கடுகு.

இன்று அவளுக்குப் பதிலாக நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான்.

ஏப்ரல் 20

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். காலுமா தெரியாது?

பத்து வருடத்தில் எத்தனை பேருக்கு நான் பிரேக் போட்டிருக்கிறேன்? "இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்" என்று அவர்களை இழுத்தடித்தது அவர்கள் கற்றுக்கொள்ளாததாலா, நான் கற்றுக்கொள்ள விடாததாலா? நினைக்க வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மாவின் கைராசியைப் பாராட்டி நானே என் கால்ராசியைப் பாராட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த மிஸ் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது நான் ஐந்து வரை எண்ணும் நேரம் பொறுத்தேனா? இல்லை. மிஸ் வாய் மூடுவதற்குள் நான் திறந்துவிட்டேன்.

இதற்காகக் கடுகு தயார் என்று அர்த்தமில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். தயாரில்லாமலும் இருக்கலாம். ஆனால் தயாரா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்ததே இல்லையே.

ஏப்ரல் 23

இவரிடம் கேட்டேன். இந்தத் தடவை முதலில் இவரிடம். "மாத்தலாமா?" என்றதும் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

மூவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். மிஸ் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றார். இன்னும் ஒரு வாரம்! எனக்கே அது திரும்பி வருகிறது. "இன்னிக்கு ஒரு மணி நேரம் இவங்க மட்டும் உள்ள உக்காரட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய" என்றார்.

வெளியே குழந்தைகள் நாற்காலிதான் இருந்தது. முழங்கால் தாடையில் இடிக்க ஒரு மணி நேரம். இவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அமுக்குறே" என்றார். நிஜமாகவே தரையை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் மிஸ் வந்து, "ஒரு வார்த்தை பேசல" என்றார். "ஆனா எல்லாரும் போட்டுட்டுப் போன க்ரேயானை எல்லாம் பாப்பா கலர் கலரா பிரிச்சு டப்பாவுல அடுக்கிட்டாங்க. யாரும் சொல்லல."

"பாத்ரூம்?" என்றேன்.

"கேக்கல. போகவும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் மணிக்கொரு தடவை எல்லாரையும் கூட்டிட்டுப் போவேன். அதுக்கு மேல ஏதாவது ஆச்சுன்னா, மாத்து உடுப்பு இருக்கும். எங்க கிளாஸ்ல அது பெரிய விஷயமே இல்ல."

பெரிய விஷயமே இல்லையாம். முப்பது வருடத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா.

ஏப்ரல் 29

புது விண்ணப்பம். டிக் போடும் கோட்டை இவர் ஒரு பக்கத்திலிருந்து இழுத்தார், மறுபக்கத்தை நான் இழுத்தேன். கோணலாக ஒரு டிக், "இந்த ஆண்டு" கட்டத்தில். கடுகு தன் பங்குக்கு ஒரு மீன் வரைந்தாள். வால் இல்லை.

சரியா தவறா என்று தெரியாது. டெஸ்டுக்கு அனுப்பும்போது யார் பாஸாவார் என்று எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

மே 27

நாலு வயது. அவளுக்கு இந்த ஒரே பிறந்தநாள்தான். விண்ணப்பத்திலும் இதேதான்.

ஜூன் 10

போனாள். அழவில்லை. அழுதது யார் என்று இந்தக் குறிப்பில் எழுதப் போவதில்லை. இவர் எழுதச் சொன்னார்.

பையில் டிபன், தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் உறையில் மாற்று உடுப்பு ஒரு செட்: ஜட்டி, கால்சட்டை.

ஜூன் 12

பேச்சு இன்னும் இல்லை, தலையாட்டல் மட்டும் என்கிறார் மிஸ். பக்கத்தில் உட்காருபவளைக் கடுகு "ரெட்டைச்சடை" என்கிறாள். ஒரு தலை உயரம் அதிகம். அவள் அம்மாவை வாசலில் பார்த்தேன். போன வருடம் ஒரு வாரத்தில் வயது போதாமல் நின்றுவிட்டதாம், வகுப்பிலேயே மூத்தவள். நான் முதலில் கேட்ட இடத்தில் அந்த அம்மா இருக்கிறார். முகத்தில் அப்படியொன்றும் நிம்மதி தெரியவில்லை.

ஜூன் 17

பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். நடந்துவிட்டது.

வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் வரைக்கும் மாணவரையே ஓட்டச் சொன்னேன். கடுகு மாற்றுக் கால்சட்டையில் மீன் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். மிஸ், "நான் போன்ல சொன்னது தகவலுக்குத்தான், நீங்க வரணும்னே இல்ல" என்றார். தெரியும். ஆனா நான் எப்படி வராம இருப்பேன்?

"யாராவது சிரிச்சாங்களா?" என்று வழியில் கேட்டேன். "ரெண்டு பேர்" என்றாள். அந்த ரெண்டு பேரும் யார், எங்கே இருக்கிறார்கள், அவர்கள் அப்பா அம்மா யார் – எல்லாம் மனதுக்குள் ஓடியது.

"நாளைக்கும் போகணுமா?"

என் கால் தரையைத் தேடியது. வேணாம்டி செல்லம், அடுத்த வருஷம் போகலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வரை எண்ணினேன்.

"போகணும்" என்றேன்.

அவளும் கொஞ்சம் எண்ணினாள் போல. "அப்ப ரெண்டு செட் வை" என்றாள்.

ஜூன் 18

ரெண்டு செட் வைத்தேன். ரெண்டும் திரும்பி வந்தன.

ஜூன் 26

ரெண்டும் திரும்பி வருகின்றன. கடுகு சாயந்திரம் மிஸ் மாதிரி பேசி நாற்காலிகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மட்டும் இன்னும் தலையாட்டல்தான். பொறுத்திருக்கிறேன். எனக்கு இது புது வேலை.

ஜூலை 2

டாக்டரம்மா மூன்றாவது டெஸ்டிலும் ஃபெயில். இந்தத் தடவை பிரேக்கை அளவுக்கு மேல் போட்டாராம், இன்ஸ்பெக்டர் நெற்றி கண்ணாடியில் முட்டிக்கொண்டது. "இது முழுக்க என் சொந்த ஃபெயில் மாஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னார்.

எப்போது அடுத்த டெஸ்ட் என்று கேட்டார். "உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப" என்றேன். ஓனர் காதில் விழுந்து, நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

ஜூலை 8

சாயந்திரம் பையைப் பிரித்தேன். உறையில் ஒரு செட்தான் இருந்தது.

கடுகைப் பார்த்தேன். காலையில் போட்டு அனுப்பிய அதே கால்சட்டை, நனையாமல்.

"இன்னொரு செட் எங்கேடி?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ரெட்டைச்சடைக்கு. அவளுக்கு வந்துடுச்சு. காலைச் சேத்து வச்சுட்டு அழுதா. மிஸ் போர்டுல எழுதிட்டு இருந்தாங்க, பாக்கல."

எண்ணினேன். மூன்று, நாலு.

"நான் எந்திரிச்சுப் போய் மிஸ்கிட்ட சொன்னேன்" என்றாள்.

"என்னன்னு சொன்னே?"

"என் பையில ரெண்டு இருக்கு மிஸ், அவளுக்கு ஒண்ணு குடுங்கன்னு. டைட்டா இருந்துச்சு. ஆனா போட்டுக்கிட்டா."

"மிஸ்கிட்ட பேசினியா நீ? சத்தமாவா?"

என்ன அம்மா இவள் என்பது போல என்னைப் பார்த்தாள். "காதுல சொன்னேன். சத்தமா சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கல்ல?"

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இவர் வந்து என்ன என்று கேட்டார். சோப்பு என்றேன். கையில் பாத்திரமே இல்லை.

அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "மூக்கை உறிஞ்சாதே, போன்ல கேக்குது" என்றாள். உறிஞ்சியது அவள்தான்.

கடுகுக்கு நாளைக்கும் ரெண்டு செட் வேண்டுமாம். ஒன்று அவளுக்கு, ஒன்று வேறு யாருக்காவது. உறையில் போட்டு, பையில் வைத்துவிட்டேன்.